பல் ரெசினை உறுதியாக்க எந்த நானோ துகள்?

மேல்தாடைப் பல்செட் உடைந்து வரும்போது பெரும்பாலும் நடுவில்தான் உடைந்திருக்கும். இரண்டு முன்பற்களுக்கும் இடையில் தொடங்கிய விரிசல், அண்ணத் தகட்டை நெடுக்காகப் பிளந்து பின்விளிம்பு வரை ஓடியிருக்கும். கீழ்த்தாடைச் செட்டின் கதை வேறு. கழுவும்போது கை நழுவித் தரையில் விழுந்திருக்கும். முதலாவது, மெல்லும்போதெல்லாம் தகடு துளித்துளியாக வளைந்து, மாதக்கணக்கில் களைத்துப்போய் வந்த முறிவு. இரண்டாவது, ஒரே அடியில் வந்த முறிவு. இரண்டையும் ‘உடைந்துவிட்டது’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டு, நானோ துகள், அதாவது ஒரு மில்லிமீட்டரின் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் சிறிய தூள், கலந்த அக்ரிலிக் போட்டால் சரியாகுமா என்று கேட்கும்போதுதான் குழப்பம் ஆரம்பமாகிறது. முன்னதற்கு உதவும் துகள் பின்னதற்கு உதவாமல் போகலாம். சில சமயம் கெடுக்கவும் செய்யும்.

பல் ரெசின் என்ற பெயருக்குள் இரண்டு குடும்பங்கள் குடியிருக்கின்றன. ஒன்று, பல்செட்டின் இளஞ்சிவப்பு அடித்தளமாக அமையும் அக்ரிலிக், அதாவது பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட். 1930களின் பிற்பகுதியில் வந்து, அதுவரை கோலோச்சிய வல்கனைட் ரப்பரை ஓரங்கட்டியது. மற்றொன்று, சொத்தைப் பல்லை அடைக்கும் காம்போசிட். ரஃபேல் போவன் 1962இல் காப்புரிமை பெற்ற பிஸ்-ஜிஎம்ஏ ரெசினிலிருந்து கிளைத்த வம்சம் அது. அக்ரிலிக்கில் வலுவூட்டும் துகள் வழக்கமாகக் கிடையாது. நிறமியைத் தவிர்த்தால் வெறும் பிளாஸ்டிக். காம்போசிட்டிலோ எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு கண்ணாடித் தூளும் சிலிக்காவும்தான். ஆகவே அக்ரிலிக்கில் நானோ சேர்ப்பது என்றால் புதிதாக ஒன்றை உள்ளே விடுவது. காம்போசிட்டில் நானோ சேர்ப்பது என்றால் ஏற்கெனவே இருப்பதன் அளவை மாற்றுவது. இந்த வேறுபாட்டை மறந்து, ஒன்றுக்குச் செய்த ஆய்வை மற்றொன்றுக்குச் சான்றாகக் காட்டும் கட்டுரைகள் ஏராளம்.

ஒப்பிடுவதற்கு ஒரு கீழ்க்கோடு வேண்டும். சூட்டில் பதப்படுத்தும் பல்செட் அக்ரிலிக்கின் வளைவு வலிமை, அதாவது வளைக்கும்போது உடையுமுன் தாங்கும் அழுத்தம், குறைந்தது 65 மெகாபாஸ்கல் இருக்க வேண்டும் என்கிறது பன்னாட்டுத் தர அமைப்பான ஐஎஸ்ஓவின் 20795-1 தரநிலை. கடிக்கும் பரப்பில் வைக்கும் காம்போசிட்டுக்கு ஐஎஸ்ஓ 4049 கேட்பது 80. நல்ல முறையில் பதப்படுத்திய சாதாரண அக்ரிலிக்கே முதல் கோட்டைத் தாண்டிவிடும். எனவே ‘தரநிலையைத் தாண்டியது’ என்று ஒரு நானோ தயாரிப்பு பெருமைப்பட்டுக்கொண்டால், அதே நிறுவனத்தின் துகள் சேர்க்காத ரெசின் எவ்வளவு காட்டியது என்று கேளுங்கள்.

தூளின் வலிமையும் கலவையின் வலிமையும்

விளம்பரங்களில் தூளின் பெருமைதான் முதலில் வரும். சிர்கோனியம் ஆக்சைடுப் பீங்கானான சிர்கோனியாவின் விறைப்பு 200 கிகாபாஸ்கல், ஓரணு தடிமன் கொண்ட கரித்தாளான கிராஃபீனுடையது 1,000 கிகாபாஸ்கல், அக்ரிலிக்குடையதோ வெறும் 2 முதல் 3 என்பார்கள். எண்கள் சரிதான். அவற்றை வைத்து எழுப்பும் எதிர்பார்ப்புதான் தவறு.

சிர்கோனியாவை எடையில் 5 சதவீதம் கலக்கிறோம் என்று வையுங்கள். அதன் அடர்த்தி சுமார் 6. அக்ரிலிக்கின் அடர்த்தி 1.2க்குச் சற்றுக் கீழே. கணக்குப் போட்டால், கன அளவில் அந்தச் சிர்கோனியா வெறும் 1 சதவீதம்தான். நூறு பங்கு இடத்தில் ஒரு பங்கு. உருண்டைத் துகள்கள் நீண்ட இழைகளைப் போலப் பாரத்தை வாங்கிக் கடத்துவதில்லை. மெத்தான ரெசினுக்குள் தனித்தனியே மிதக்கும் கூழாங்கற்கள் அவை. கூழாங்கல் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும், சுற்றியுள்ள ரெசின்தான் வளைகிறது. ஆகவே ஒரு சதவீதத் துகள் விறைப்பைப் பெரிதாக உயர்த்தும் என்று எதிர்பார்ப்பது கடலில் பெருங்காயத்தைக் கரைக்கும் கதைதான்.

அப்படியானால் வலிமை கூடியதாகக் காட்டும் ஆய்வுகளெல்லாம் பொய்யா? இல்லை. சிறு அளவில் சேர்த்த துகள் வேறு வழியில் வேலை செய்கிறது. ஓடும் விரிசலைத் திசை திருப்புகிறது, இரண்டாகக் கிளைக்க வைக்கிறது, துகளைச் சுற்றி வளைந்து போக வைக்கிறது. விரிசல் ஒவ்வொரு முறை வழி மாறும்போதும் ஆற்றலைச் செலவிடுகிறது. இந்தப் பலன் கிடைக்க இரண்டு நிபந்தனைகள் உண்டு. துகள்கள் தனித்தனியாகப் பரவியிருக்க வேண்டும். ஒவ்வொன்றும் ரெசினைக் கெட்டியாகப் பற்றியிருக்க வேண்டும்.

பரவுதல்தான் பெரும் தலைவலி. 10 நானோமீட்டர் சிலிக்காத் துகள்களின் ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 270 சதுர மீட்டர் மேற்பரப்பு உண்டு. அதே சிலிக்கா 10 மைக்ரோமீட்டர் துகளாக இருந்தால் அந்தப் பரப்பு ஆயிரத்தில் ஒரு பங்குதான். இத்தனை பரப்பு திறந்து கிடந்தால் துகள்கள் சும்மா இருக்குமா? ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு கட்டி தட்டிவிடும். கட்டி தட்டிய பிறகு அது நானோ துகளே இல்லை. உள்ளே ரெசின் புகாத, காற்றுச் சிக்கிய ஒரு பொருக்கு. 1920களின் தொடக்கத்தில் கிரிஃபித் கண்ணாடியை வைத்துக் காட்டிய விதி இங்கே தப்பாமல் பொருந்தும்: உடையக்கூடிய பொருளின் வலிமை அதிலுள்ள மிகப் பெரிய குறையின் அளவைப் பொறுத்தது. குறை நான்கு மடங்கு பெரிதானால் வலிமை பாதியாகும். வலுவூட்டப் போட்ட தூளே விரிசலுக்குத் தொடக்கப் புள்ளியாகிவிடும். துகளின் சதவீதத்தைக் கூட்டக் கூட்ட வலிமை ஏறி, ஓர் உச்சத்தைத் தொட்டு, பிறகு சரியும் வரைபடம் ஆய்வுக்கு ஆய்வு திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் இதுதான். அந்த உச்சம் எந்தச் சதவீதத்தில் வருகிறது என்பது துகளின் குணத்தைவிடக் கலக்கிய விதத்தையே அதிகம் காட்டுகிறது.

பல்செட் அக்ரிலிக்கில் இன்னொரு சிக்கல் உண்டு. இதைப் பலர் கவனிப்பதில்லை. அக்ரிலிக் பொடி என்பது மைக்ரோமீட்டர் அளவிலான உருண்டை மணிகள். மோனோமர் திரவம், அதாவது இறுகினால் அக்ரிலிக்காக மாறும் மூலத் திரவம், ஊற்றி மாவுப் பதம் வந்தபோதும் அந்த மணிகள் முழுவதும் கரைவதில்லை. மேல்தோல் மட்டும் ஊறிக் கரைந்து, நடுப்பகுதி மணியாகவே நிற்கிறது. நாம் போடும் நானோ தூள் ஏற்கெனவே கெட்டியான மணிக்குள் நுழைய முடியாது. மணிகளுக்கு இடையிலுள்ள சந்துகளில்தான் தங்கும். எடையில் பொடி இரண்டு பங்கு, திரவம் ஒரு பங்கு என்ற வழக்கமான கலவையில் அந்தச் சந்து மொத்தத்தில் மூன்றில் ஒன்று என்று தோராயமாக எடுத்துக்கொண்டால், பையில் 5 சதவீதம் என்று எழுதியிருக்கும் துகள், தங்கும் இடத்தில் 15 சதவீதத்தை நெருங்கும். கட்டி தட்டாமல் என்ன செய்யும்? மணியைத் தயாரிக்கும்போதே துகளை உள்ளே வைத்து வளர்த்தால் இந்தச் சிக்கல் குறையும். அது ஆலையில் நடக்க வேண்டிய வேலை. ஆய்வகத்து மேசையில் தூள் டப்பாவைத் திறந்து கரண்டியால் கலக்குவது வேறு விஷயம்.

பற்றுதலுக்கு வருவோம். சிலேன் என்பது இரட்டைக் கை கொண்ட மூலக்கூறு. ஒரு கை சிலிக்காவின் மேற்பரப்போடு வேதிப் பிணைப்பு கொள்கிறது. மறு கை மெத்தாக்ரிலேட், அது ரெசின் சங்கிலியோடு சேர்ந்துகொள்கிறது. இந்தப் பூச்சு இல்லாத துகள், ரெசினுக்குள் ஒரு குமிழியைவிடச் சற்று மேல், அவ்வளவுதான்.

சிலிக்காவா, சிர்கோனியாவா?

அலங்காரம் எதுவும் இல்லாத தேர்வு சிலிக்கா. சிலேன் அதனோடுதான் மிக நன்றாகச் சேர்கிறது. அதன் ஒளிவிலகல் எண் 1.46, அக்ரிலிக்கினுடையது 1.49. இரண்டும் நெருங்கியிருப்பதால் தகட்டின் நிறமும் ஒளி ஊடுருவலும் அதிகம் மாறுவதில்லை. எடை குறைவு. உற்பத்தி நெடுங்காலமாக நடப்பதால் துகளின் அளவும் தூய்மையும் நம்பத்தக்கவை. குறை என்ன? எக்ஸ்ரேயில் தெரியாது. விறைப்பும் கடினமும் சிர்கோனியாவுக்குக் கீழே. கலவை சீக்கிரம் கூழ்போலக் கெட்டியாகிவிடும்; சிலிக்காப் புகைத்தூள் பெயிண்டைக் கெட்டியாக்கவும் பயன்படுவது சும்மா இல்லை.

சிர்கோனியாவை ஆதரிப்பவர்கள் சொல்லும் முதல் காரணம் உருமாற்ற வலுவூட்டல். சிர்கோனியாக் கிரீடங்களில் விரிசலின் நுனியில் ஏற்படும் அழுத்தம் படிக அமைப்பை மாற்றுகிறது. மாறும்போது கன அளவு சுமார் 4 சதவீதம் பெருத்து, விரிசலை இருபுறமும் நெருக்கி மூடப் பார்க்கிறது. அழகான இயக்கம்தான். ஆனால் அது சிர்கோனியாத் துணுக்குகள் ஒன்றோடொன்று இறுகிய கட்டியான பீங்கானுக்குள் நடப்பது. மெத்தான ரெசினில் தனியே மிதக்கும் சில பத்து நானோமீட்டர் துகளுக்குள் விரிசல் நுழைவதே இல்லை, சுற்றிக்கொண்டு போய்விடும். துகளை உருமாற்றும் அளவுக்கு அழுத்தத்தை ரெசினால் அதன்மேல் சுமத்தவும் இயலாது. அந்த விளக்கத்தைப் பல்செட் அக்ரிலிக்குக்கும் அப்படியே ஒட்டவைக்கும் கட்டுரைகளைப் படிக்கும்போது எனக்குப் புன்னகைதான் வருகிறது. சிர்கோனியா சேர்த்து வளைவு வலிமை கூடியிருந்தால், விரிசலைத் திசை திருப்பியதும் நல்ல பற்றுதலும்தான் அதற்குப் போதுமான காரணம்.

அந்தப் பற்றுதலில்தான் சிர்கோனியா சிலிக்காவிடம் தோற்கிறது. சிலேன் சிர்கோனியாவின்மீது ஒட்டும். ஆனால் அந்தப் பிணைப்பு ஈரத்தில் நிலைப்பதில்லை. பாஸ்பேட் முனை கொண்ட எம்டிபி போன்ற மோனோமர்கள் சிர்கோனியாவை நன்றாகப் பிடிக்கும் என்பது கிரீடங்களை ஒட்டும் சிமெண்டுகளில் நிரூபணமான செய்தி. சிர்கோனியா கலந்த ரெசினை விற்பவரிடம், பூச்சு சிலேனா பாஸ்பேட்டா என்று கேட்பது வீண் கேள்வி இல்லை. நிறத்தைப் பொறுத்தவரை, ஒளிவிலகல் எண் 2.2ஐ ஒட்டியிருப்பதால் தகடு வெளுக்கும். அண்ணப் பகுதியில் யாரும் பார்க்கப் போவதில்லை. முன் ஈறுப் பகுதியில் கண்ணை உறுத்தும். மறுபுறம், எக்ஸ்ரேயில் தெரிவது உண்மையான ஆதாயம். உடைந்த துண்டை யாராவது விழுங்கிவிட்டால் அதைத் தேடும் மருத்துவருக்கு அதன் அருமை தெரியும். ஆனால் ஒரு சதவீதக் கன அளவில் அந்தத் தெளிவு கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். அதற்கு இன்னும் நிறையப் போட வேண்டும். நிறையப் போட்டால் வலிமை சரியும்.

வளைந்து களைத்து உடையும் தகட்டுக்கு, ஆலையிலேயே பூச்சிட்டுப் பரப்பிய துகள் கிடைக்குமானால், சிலிக்கா, சிர்கோனியா இரண்டில் எதுவும் சரி. மேசையில் நாமே கலக்க வேண்டும் என்றால் நான் சிலிக்காவைத்தான் எடுப்பேன், அதுவும் ஓரிரு சதவீதத்துக்குள். விழுந்து உடையும் செட்டுக்கு இரண்டையும் பரிந்துரைக்க மாட்டேன். விறைப்பான துகள் ரெசினின் நீட்சியைக் குறைக்கிறது. அடியை உறிஞ்சும் குணம் கூடுவதற்குப் பதில் குறைந்துபோன முடிவுகள் கணிசமாக உண்டு.

கிருமியை எதிர்க்கும் துகள்கள்

வெள்ளியும் டைட்டானியம் டை ஆக்சைடும் உறுதிக்காகச் சேர்ப்பவை என்றே சில இடங்களில் எழுதப்படுகின்றன. வெள்ளி நானோ துகள் கலப்பதன் நோக்கம் கிருமியைத் தடுப்பது. குறிப்பாகப் பல்செட்டின் அடியில் அண்ணத்தைச் சிவக்க வைக்கும் கேண்டிடா பூஞ்சையை அடக்குவது. ரெசினோடு அதற்கு இயல்பான பிணைப்பு இல்லை. அளவு கூடினால் வலிமை குறையும் என்றே எதிர்பார்க்க வேண்டும். மேலும் வெள்ளித் துகள் 400 நானோமீட்டரை ஒட்டிய ஒளியை உறிஞ்சுவதால் தகடு மஞ்சள் கலந்த பழுப்பாக மாறும். பூஞ்சை எதிர்ப்பு வேண்டும் என்றால் வெள்ளியைப் பற்றிப் பேசலாம். அப்போதும், இரவில் செட்டைக் கழற்றிவைத்து, தினமும் தேய்த்துக் கழுவும் பழக்கத்தை எந்தத் துகளும் ஈடு செய்யாது.

டைட்டானியம் டை ஆக்சைடு கொஞ்சம் உறுதியும் கொஞ்சம் கிருமி எதிர்ப்பும் தரும் என்பது உண்மையே. ஆனால் அதன் கிருமி எதிர்ப்பு பெரும்பாலும் புற ஊதா ஒளியில் இயங்குவது. அனடேஸ் வகை 390 நானோமீட்டருக்குக் கீழான ஒளியைத்தான் வாங்கிக்கொள்கிறது. வாய்க்குள் அந்த ஒளி எங்கிருந்து வரும்? செட்டை வெளியே எடுத்து விளக்கில் வைத்தால் இயங்கலாம். அப்போது உருவாகும் தீவிர மூலக்கூறுகள் கிருமியைத் தாக்குவதோடு சுற்றியுள்ள ரெசினையும் அரிக்கும். போதாக்குறைக்கு, அது வெள்ளைப் பெயிண்டின் நிறமி. ஒரு சிட்டிகை போட்டாலே தகடு வெளுத்துவிடும்.

கரிக் குடும்பம்

1991இல் சுமியோ இயீஜிமாவின் கட்டுரைக்குப் பிறகு உலகம் திரும்பிப் பார்த்த கார்பன் நானோகுழாய்களும், 2004இல் கெய்மும் நோவோசெலோவும் தனியே பிரித்தெடுத்து 2010இல் நோபல் பரிசு பெற்ற கிராஃபீனும், காகிதத்தில் மற்ற எல்லாத் துகள்களையும் தோற்கடிப்பவை. நீளமும் பரப்பும் இருப்பதால் இவற்றால் பாரத்தை உண்மையிலேயே கடத்த முடியும். கூழாங்கல் குறை இவற்றுக்கு இல்லை. ஒரு சதவீதத்துக்கும் கீழான அளவே போதும் என்பது பெரிய கவர்ச்சி.

இடிப்பது நிறம். நானோகுழாய் கலந்த அக்ரிலிக் கரிய சாம்பல் நிறத்தில் வரும். கிராஃபீனை மிகக் குறைவாகச் சேர்த்து, நிறமிகளால் மறைத்த வட்டுகள் இயந்திரத்தில் குடைவதற்கென்றே விற்பனைக்கு வந்திருக்கின்றன. அந்த வழி நடக்கக்கூடியதாகத் தெரிகிறது. நானோகுழாயை நானே கையாளும் வேலைக்கு மட்டும் நான் உடன்பட மாட்டேன். நீண்ட, விறைப்பான குழாய்கள் நுரையீரலுக்குள் போனால் கல்நார் இழைபோல நடந்துகொள்ளக்கூடும் என்று 2008 முதலே விலங்கு ஆய்வுகள் எச்சரிக்கின்றன. அவற்றில் ஒரு வகையை 2014இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பட்டியலில் சேர்த்தது. அணிபவரின் வாயில் ரெசினுக்குள் சிறைப்பட்ட குழாயால் வரும் ஆபத்தைவிட, செட்டைத் தேய்த்துச் சரிசெய்யும் தொழிலாளியின் மூச்சில் கலக்கும் தூசிதான் என்னை யோசிக்க வைக்கிறது. அவரைப் பற்றி ஆய்வுக் கட்டுரைகளில் ஒரு வரிகூட இருப்பதில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஹாலோய்சைட் இயற்கைக் களிமண்ணில் கிடைக்கும் குழாய். வெளிர் நிறம், உள்ளே மருந்தை நிரப்பி மெல்லக் கசிய விடலாம். வலிமைக்காகத் தேடுவோருக்கு அது முதல் தேர்வு ஆகாது. நானோ செல்லுலோஸ் தண்ணீரை விரும்பும் பொருள்; வாய்க்குள் இருபத்துநான்கு மணி நேரமும் ஈரம். நானோ வைரம் கடினத்தையும் தேய்மானத் தாங்குதலையும் உயர்த்தும். செட்டின் தகடு தேய்ந்து போவதாக யாரும் புகார் சொல்லிக் கேட்டதில்லை. அலுமினா வெப்பத்தைக் கடத்தும். சூடும் குளிரும் அண்ணத்தில் உறைக்கவில்லை என்று வருந்துவோருக்கு அது ஓர் ஆறுதலாக அமையலாம்.

அடைப்புக் காம்போசிட்டில் கதையே வேறு

இங்கே நானோ என்ற சொல் வருமுன்பே நானோ வந்துவிட்டது. 1970களின் பிற்பகுதியில் பரவிய மைக்ரோஃபில் காம்போசிட்டுகளில் இருந்த சிலிக்கா 40 நானோமீட்டர்தான். பெயர் மைக்ரோ, அளவு நானோ! பளபளப்பு அபாரம். ஆனால் அவ்வளவு நுண்ணிய தூளை நிறையத் திணிக்க முடியாததால் வலிமை குறைந்து, கடைவாய்ப் பல்லுக்கு உதவாமல் போனது. 2002இல் சந்தைக்கு வந்த நானோஃபில் காம்போசிட் அந்தச் சிக்கலைத் தந்திரமாக அவிழ்த்தது. 20 நானோமீட்டர் தனித் துகள்களோடு, நானோ துகள்களைக் கொத்தாகச் சேர்த்து மைக்ரோமீட்டர் அளவில் கட்டிய திரள்களையும் கலந்தார்கள். கொத்து பெரிதென்பதால் நிறையத் திணிக்கலாம். தேயும்போது கொத்து முழுசாகப் பிடுங்கிக்கொண்டு வராமல் துகள் துகளாக உதிர்வதால் பள்ளம் விழாது. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் சுமார் 400 முதல் 700 நானோமீட்டர். பள்ளம் அதற்கும் கீழே இருந்தால் பரப்பு பளபளவென்றே தெரியும்.

ஆக, காம்போசிட்டில் நானோ வென்றது பளபளப்பில். வலிமையில், பெரும்பாலும் மைக்ரோமீட்டர் அளவுக் கண்ணாடித் தூள் கொண்ட நல்ல மைக்ரோஹைப்ரிட் ஒன்றும், அதோடு நானோ துகளும் கலந்த நல்ல நானோஹைப்ரிட் ஒன்றும் ஏறக்குறைய ஒரே தட்டில்தான் நிற்கின்றன. கடைவாய்ப் பல்லில் பெரிய அடைப்பு, அழகு இரண்டாம் பட்சம் என்றால், பெட்டியில் நானோ என்று அச்சிட்டிருப்பதற்காகக் கூடுதல் செலவு செய்ய வேண்டியதில்லை. கன அளவில் எவ்வளவு துகள் இருக்கிறது, எவ்வளவு சுருங்குகிறது, எவ்வளவு ஆழம் வரை ஒளியில் இறுகுகிறது என்ற மூன்றும் தீர்மானிக்கட்டும். முன்பல்லில் விளிம்பு உடைந்ததைக் கட்ட வேண்டுமா? அங்கே நானோஃபில் தன் விலையை நியாயப்படுத்திவிடும். நானோ கால்சியம் பாஸ்பேட் கலந்த ரெசின்கள் சுற்றியுள்ள பல்லுக்குத் தாதுவைத் திருப்பிக் கொடுக்கும் நோக்கம் கொண்டவை. கரைந்து கொடுப்பதுதான் அவற்றின் வேலை என்பதால், அவற்றிடம் உறுதியையும் சேர்த்துக் கேட்பது கொஞ்சம் அநியாயம்.

முப்பரிமாண அச்சு ரெசின்களில் தேவை உண்மையிலேயே பெரிது; அடுக்கடுக்காக இறுகுவதாலும், தொட்டியில் ஓடும்படி நீர்த்த கலவையாக இருக்க வேண்டியதாலும் பல வகைகள் குடைந்தெடுத்த அக்ரிலிக்கைவிட வலிமை குறைந்தவை. ஆனால் துகள் அங்கே மூன்று வழிகளில் தொல்லை தரும்: கலவை கெட்டியாகும், கனமான துகள் தொட்டியின் அடியில் படியும், 385 அல்லது 405 நானோமீட்டர் ஒளியைச் சிதறடித்து இறுகும் ஆழத்தைக் குறைக்கும். இவற்றில் கடைசி இரண்டிலும் சிர்கோனியாவும் டைட்டானியம் டை ஆக்சைடும் சிலிக்காவைவிட மோசம். அச்சிட்டபின் மீதமுள்ள ரெசினில் நாமே தூள் கலந்து பார்ப்பது, இயந்திரத்தையும் பொருளையும் சேர்த்துக் கெடுக்கும் சுருக்கு வழி.

நானோ இல்லாத போட்டியாளர்கள்

ஒப்பீடு என்று சொல்லிவிட்டு நானோவை நானோவோடு மட்டும் ஒப்பிடுவது ஏமாற்று வேலை. விழுந்து உடையும் செட்டுக்கு ரப்பர் கலந்த அதிதாக்கு அக்ரிலிக் பல ஆண்டுகளாகக் கிடைக்கிறது. ரப்பர்த் துணுக்கு அடியை வாங்கி விரிசலை நிறுத்துகிறது. கொஞ்சம் விறைப்பு போகும், அவ்வளவே. அந்தப் பெயரில் விற்க வேண்டுமானால் முறிவு வேலை, அதாவது விரிசலை ஓட வைத்து உடைக்கத் தேவைப்படும் ஆற்றல், சதுர மீட்டருக்கு 900 ஜூலாவது இருக்க வேண்டும் என்று அதே ஐஎஸ்ஓ தரநிலை தனியாகக் கேட்கிறது. நடுவில் பிளக்கும் தகட்டுக்கு, இழுவிசை விழும் பக்கத்தில் குறுக்காகப் பதித்த கண்ணாடி இழை, எந்த உருண்டைத் துகளையும்விடத் தெளிவான பலன் தரும். ஆலையில் அழுத்தத்தில் இறுகிய வட்டிலிருந்து குடைந்தெடுக்கும் செட்டில் துளைகளும் மிச்ச மோனோமரும் குறைவு. கடைசியில் கோபால்ட் குரோமியத் தகடு இருக்கவே இருக்கிறது. கனம், செலவு என்ற இரண்டையும் ஏற்றுக்கொண்டால் உடைவது பற்றிய பேச்சே எழாது.

இவற்றோடு ஒரு சின்னக் கணக்கையும் வையுங்கள். வளையும் தகட்டில் ஏற்படும் தகைவு, தடிமனின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. 2 மில்லிமீட்டர் தகட்டை 2.2 ஆக்கினால், 21 சதவீத வலிமை கூடியதற்குச் சமம். ஒரு மில்லிமீட்டரின் ஐந்தில் ஒரு பங்கு மெழுகு. பல நானோ ஆய்வுகள் கொண்டாடும் ஆதாயமும் ஏறத்தாழ இந்த அளவுதான். நாக்கு தடிமனை உணரும் என்பதால் இதை எல்லை இல்லாமல் செய்ய முடியாது. ஆனால் மெழுகில் 0.2 மில்லிமீட்டர் சேர்ப்பதற்கு யாரும் முகமூடி அணிய வேண்டியதில்லை.

இத்தனைக்கும் பிறகு நானோ ரெசின்தான் என்று முடிவெடுப்பவர்கள் வாங்குமுன் ஒரே ஒரு தாளைக் கேட்டுப் பெற வேண்டும்: ஈரத்தில் பழக்கிய பின் எடுத்த சோதனை முடிவு. சிலேன் பிணைப்பை மெல்லப் பிரிப்பது தண்ணீர்தான். உலர்ந்த மாதிரியில் 20 சதவீத ஆதாயம் காட்டிய துகள், 5 டிகிரிக்கும் 55 டிகிரிக்கும் இடையே பத்தாயிரம் முறை முக்கியெடுத்தபின், அதாவது சுமார் ஓர் ஆண்டு வாயில் கிடந்ததற்கு ஈடான சோதனைக்குப்பின், துகள் சேர்க்காத ரெசினின் மட்டத்துக்கே இறங்கியிருக்கலாம். அந்தத் தாளைத் தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள். தேய்க்கும்போது ஈரமாகத் தேயுங்கள்; உறிஞ்சி இயந்திரம் ஓடட்டும். மோனோமரில் துகளைப் பரப்ப மீயொலிக் கருவி வைத்தால் பாத்திரத்தைப் பனிக்கட்டியில் வையுங்கள். அந்தத் திரவம் அறை வெப்பத்திலேயே தீப்பற்றும் ஆவி விடுவது, கருவியோ அதைச் சூடாக்குவது.

நடுவில் பிளந்து வந்த அந்த மேல்தாடைச் செட்டுக்குத் திரும்புகிறேன். அது இரண்டாம் முறையாக அதே கோட்டில் உடைந்திருந்தால், முதலில் உடைந்த முகத்தை விளக்கின் கீழ் பாருங்கள். உதட்டை ஈறோடு இணைக்கும் நாணுக்காக விளிம்பில் விட்ட பள்ளம் கூர்மையாக வெட்டப்பட்டிருந்து, விரிசல் அங்கிருந்து கிளம்பியிருந்தால், அந்தக் கூர்மையான மூலையை உருட்டிவிடுவதே முதல் சிகிச்சை. பிறகு செட்டை ஒட்டி வாயில் வைத்து, இருபுறக் கடைவாயிலும் மாறி மாறி விரலால் அழுத்துங்கள். நடு அண்ணத்தில் ஊசலாடினால், எலும்பு கரைந்து தாடை இறங்கியிருக்கிறது. தகடு ஒவ்வொரு வாய் உணவுக்கும் நடு மேட்டின் மீது ஏறி வளைகிறது. அடிப்பக்கத்தை மறுபடி பொருத்தமாக நிரப்பிக் கொடுங்கள். அதற்குப் பின்னும் உடைந்தால் கண்ணாடி இழை பதியுங்கள். அதுவும் தோற்றுத் திரும்பி வந்தால், சிலிக்காவா சிர்கோனியாவா என்று அன்றைக்குப் பேசலாம்.